வைஃபை சிப்பு என்ன தம்பி?

உங்கள் வீட்டுப் பரணில் பழைய லேப்டாப் கிடக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஒரு மனிதர் காதில் மட்டும் விழுந்துவிடக் கூடாது. அன்று மாலையே பென்டிரைவோடு வாசலில் நிற்பார். காபி வேண்டாம் என்பார். மாடல் நம்பர் மட்டும் போதும்.

அவரைப் பொறுத்தவரை திங்க்பேட் வம்சம் 2011-இல் எக்ஸ் 220-உடன் முடிந்தது. மறு ஆண்டு வந்த எக்ஸ் 230-இல் கீபோர்டில் ஒரு வரிசையைக் குறைத்துவிட்டார்கள். அதைச் சொல்லும்போது இன்றும் குரல் கம்மும்.

அவரோடு ரிச்சி ஸ்ட்ரீட் போக நேர்ந்தவர்களுக்கு என் அனுதாபங்கள்.

"ஐ5-ண்ணே, எட்டு ஜிபி, பேட்டரி நல்லா நிக்கும்."

"அது கெடக்கட்டும் தம்பி. வைஃபை சிப்பு என்ன?"

"வைஃபை சூப்பரா எடுக்கும்ணே."

"எடுக்குமான்னா கேட்டேன்? யாரு பண்ண சிப்பு?"

கடைக்காரப் பையன் முதலாளியைத் தேடி உள்ளே போய்விடுவான். இவர் பென்டிரைவைச் செருகுவார். ஓப்பன்பிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் முழுதும் அதில் குடியிருக்கிறது. நீலத் திரையில் வெள்ளை வரிகள் ஓடும். மாட்டுச் சந்தையில் சுழி பார்க்கிறவரைப் போலக் குனிந்து ஒவ்வொரு வரியாகத் தடவுவார். 'நாட் கன்ஃபிகர்ட்' என்று ஒரு வரி முடிந்தால் போச்சு. பேரம் படிந்திருந்தாலும் எழுந்துவிடுவார். பிராட்காம் என்றால் உதட்டைப் பிதுக்குவார். என்விடியா என்றால் கடையையே மாற்றிவிடுவார்.

நியாயம் இல்லாமலில்லை. 1995-இல் தியோ டி ராட் நெட்பிஎஸ்டியிலிருந்து பிரிந்து ஆரம்பித்த சிஸ்டம் ஓப்பன்பிஎஸ்டி. டிரைவர் எழுதுகிறவர்கள் சின்னக் கூட்டம்தான். சிப் கம்பெனி ஆவணம் தராவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? இன்டெல் வைஃபை ஓட ஃபர்ம்வேர் வேண்டும். லைசன்ஸ் சிக்கலால் அது சிஸ்டத்தோடு வராது, இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். இணையத்துக்கோ வைஃபை வேண்டும்! பழைய ஏத்தெராஸ் கார்டில் இந்த வம்பு இல்லை. ஆனால் அதை எக்ஸ் 220-இல் மாட்டினால், அனுமதியில்லாத கார்டு என்று பயாஸ் 1802 பிழை காட்டி அடம்பிடிக்கும். அங்கேதான் அவர் முகத்தில் வெளிச்சம் வரும். ஞாயிறு முழுக்க லேப்டாப்பைப் பிரித்துப் போட்டு, சிப்பில் கிளிப்பைக் கவ்வவிட்டு, பயாஸையே மாற்றி எழுதுவார். தரையெங்கும் திருகாணிகள். அவர் மனைவி துடைப்பத்தோடு கதவருகே நிற்பார்.

எல்லாம் சரி. என் அக்கா மகள் காலேஜுக்கு லேப்டாப் கேட்டால் அதிலுமா இந்த விளையாட்டு? பழைய லேப்டாப் ஒன்றில் ஓப்பன்பிஎஸ்டியைப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஹெட்போன் வேலை செய்யவில்லை என்று அந்தப் பெண் போன் செய்தது.

"ப்ளூடூத்தாம்மா? அத 2014-லயே தூக்கிட்டாங்களே!" தூக்கியதே இவர்தான் என்பது போல ஒரு பெருமிதம்.

காலேஜ் தேர்வு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். மறுநாள் காலை தேர்வு. ராத்திரி பதினொரு மணிக்கு அந்தப் பிள்ளை பக்கத்து வீட்டில் கம்ப்யூட்டர் இரவல் கேட்டு நின்றது. இதில் சிரிக்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அக்கா கடைசியில் புது லேப்டாப்பே வாங்கிவிட்டாள். விஷயம் தெரிந்து மனிதர் வந்தார். கோபமில்லை. பழைய லேப்டாப்புக்கு அக்கா கொடுத்த காசை எண்ணி மேஜையில் வைத்தார். புதியதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார், அடிப்பக்கத்துத் திருகாணிகளை விரலால் வருடினார்.

"பத்து வருஷம் பத்திரமா வெச்சுக்கம்மா. அப்புறம் மாமா எடுத்துக்கறேன்."