கைமாறிய எக்கோஸ்போர்ட்டில் ஆசிரியர் சிக்கல்: ஒரு பன்முக நோக்கு

முன்னாய்வுகள்

பழைய கார் வாங்குவது பற்றித் தமிழில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் நிகழவில்லை என்று தொடங்குவது மரபு. நிகழ்ந்திருக்கலாம். தேடினால் கிடைத்துவிடுமோ என்ற அச்சத்தில் தேடவில்லை. ஆகவே இத்துறையில் இதுவே முதல் முயற்சி.

ஆய்வுப் பொருள், 2018-இல் பதிவான வெள்ளை நிற டீசல் எக்கோஸ்போர்ட் ஒன்று. ஆய்வுக் களம், தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு புரோக்கரின் தகரக் கொட்டகை. கேட்ட விலை ஐந்தே முக்கால் லட்சம். ஆய்வுக்கு நல்கை வழங்கியது என் மனைவியின் பெயரில் இருந்த ஃபிக்சட் டெபாசிட். நல்கை அளித்தவர் எந்தக் கட்டத்திலும் முடிவில் தலையிடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்பது ஒப்பந்தம்.

மூலத்துக்கு நான்கு உரைகள் கிடைத்தன: புரோக்கர் உரை, மெக்கானிக் உரை, மைத்துனர் உரை, மாமனார் உரை. நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய் மாட்டிப் பொருள் காண்பார். என் மைத்துனர் யாருடைய வண்டிக்கோ வந்த கோளாறைக் கொண்டுவந்து இந்த வண்டியில் மாட்டுவார். மாமனாரைப் பொறுத்தவரை அம்பாசிடருக்குப் பிறகு உலகில் கார் என்று எதுவும் செய்யப்படவில்லை. மெக்கானிக் உரை எல்லாவற்றிலும் சுருக்கமானது. அதனால் அறிஞர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

பெயரும் பிறப்பும்

எஸ்.யூ.வி. என்றால் காடுமேடு ஏறும் வண்டி. முன்னால் 'காம்பாக்ட்' என்று போட்டால் ஏறாது என்று பொருள். இந்த இலக்கணத்தை வகுத்தது புலவர் சங்கமல்ல, நிதியமைச்சகம். 2006 பட்ஜெட்டில், நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மிகாமல், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள்ளும் டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள்ளும் இருக்கும் காருக்கு உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். தளை தட்டாமலிருக்கச் சீரை வெட்டும் கவிஞனைப்போலக் கம்பெனிகள் காரின் பின்பக்கத்தை வெட்டத் தொடங்கின. பிரெஸ்ஸா 3,995 மி.மீ. வென்யூவும் 3,995. எக்கோஸ்போர்ட் 2013-இல் வந்தபோது 3,999. மிச்சமிருந்த அந்த ஒரு மில்லிமீட்டர் தனி ஆய்வுக்குரியது. அதில் ஒரு முனைவர் பட்டத்துக்கு இடமிருக்கிறது. அதைவிடக் குறைந்த இடத்தில் பட்டம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

2023 ஜூலையில் ஜி.எஸ்.டி. மன்றம் இன்னொரு சூத்திரம் செய்தது. நீளம் 4,000 மி.மீ.க்கு மேல், இன்ஜின் 1,500 சி.சி.க்கு மேல், பளு ஏற்றாதபோது தரையிலிருந்து குறைந்தது 170 மி.மீ. உயரம், மூன்றும் இருந்தால்தான் அன்றைக்குப் பெரிய வண்டிக்கான செஸ், பெயர் என்னவாக இருந்தாலும் சரி. நம் வண்டிக்கு உயரம் மட்டும் உண்டு. நீளமும் இல்லை, டீசல் இன்ஜினும் 1,498 சி.சி.தான். அதாவது அரசாங்கமே நம்பாத எஸ்.யூ.வி. இது.

பிறந்த ஊர் மறைமலை நகர். வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று தமிழாக்கிக்கொண்ட அடிகளின் பெயரிலுள்ள ஊரில் பிறந்தும் இந்த வண்டிக்கு ஒரு தமிழ்ப் பெயர் வாய்க்கவில்லை. 'சூழலாட்டம்' என்பது என் பரிந்துரை. மைத்துனர் சிரித்தார் (மைத்துனர், வாட்ஸ்அப், காலை 5.40). பிறகும் சிரித்தார் (மேலது, 5.41).

பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி நீளக் கணக்கில் சேராது. ஸ்டெப்னி என்ற சொல், 1904-இல் வேல்ஸ் நாட்டு லனெல்லியில் ஸ்டெப்னி தெருவில் உதிரிச் சக்கரம் செய்தவர்களிடமிருந்து வந்தது. இதற்கும் தமிழ் வேர் காட்டுவோர் உண்டு. இன்று இல்லாவிட்டால் நாளை மாலைக்குள் இருப்பார்கள்.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஆகவே இது பதிப்பகம் மூடிய நூல். "பார்ட்ஸ் கிடைக்குமா?" என்று கேட்டதற்கு "கிடைக்கும், லேட்டாகும்" என்றார் மெக்கானிக். பழைய நூல்களைப் பற்றி நூலகர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

கல்வெட்டியல்

டயரின் பக்கச் சுவரில் நான்கு எண்கள் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரம், கடை இரண்டு ஆண்டு. வெயிலில் மண்டியிட்டு, ஈரத்துணியால் சேற்றைத் துடைத்து, மைப்படி எடுக்காத குறையாகப் படித்தேன். பின் டயர் இரண்டிலும் ஸ்டெப்னியிலும் 0918. முன் டயர் இரண்டிலும் 2322. அதாவது 2022-இன் 23ஆம் வாரத்துக்குப் பிறகு எப்போதோ முன்பக்கம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. மீட்டர்படி நாற்பத்தோராயிரம் கிலோமீட்டரே ஓடிய வண்டிக்கு இவ்வளவு சீக்கிரம் ஏன் டயர் தேய வேண்டும்? முதல் ஐயம் இங்கே பிறந்தது.

கண்ணாடிகளின் மூலையிலும் முத்திரை உண்டு. எல்லாம் ஒரே கம்பெனி. பின் இடக் கதவுக் கண்ணாடி மட்டும் வேறு. இது இடைச்செருகல் என்பதில் இரு கருத்து இல்லை. எவர் செருகினார் என்பதில் மூன்று கருத்து உண்டு: கல், கிரிக்கெட் பந்து, மைத்துனர் சொல்லும் 'பெரிய ஆக்சிடென்ட்'. பானட்டைத் தூக்கி, விளிம்பிலுள்ள போல்ட் தலைகளைப் பார்த்தேன். பெயின்ட் கலையவில்லை. ஸ்பேனர் படாத போல்ட் பதிப்பாசிரியர் கை படாத சுவடி மாதிரி, அபூர்வம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று அறிய சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் வண்டி குளித்திருக்கிறது. நான் ஆய்வு வேகத்தில் வெடுக்கென்று இழுக்க, பெல்ட் பாதியில் லாக் ஆகி, வரவும் மாட்டேன் போகவும் மாட்டேன் என்று நின்றது. புரோக்கர் பையன் வந்து, "மெதுவா சார், மாடா இது?" என்று கேட்டபடி இரண்டு விரலால் நயமாக இழுத்துக் காட்டினான். கோடு இல்லை.

உள்பக்கம்: ஏ.சி. குளிர்ந்தது, பின் சீட் இடுக்கில் நாலைந்து ஜரிகை இழைகள், கல்யாணத்துக்குப் போய்வந்திருக்கும்.

மெக்கானிக் கிளட்ச் பெடலின் ரப்பரைக் கட்டை விரலால் தடவிப் பார்த்து, "நாப்பதுதான் ஓடியிருக்கும்" என்றார். மேற்கோள் காட்டாத கூற்று என்பதால் ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

டாக்டர் ஒருவரா, பலரா?

இனி இவ்வாய்வின் உயிர்நிலைக்கு வருவோம். "சிங்கிள் ஓனர் சார். டாக்டர் ஓட்டின வண்டி" என்பது புரோக்கர் வாக்கு. இதற்கு முன் நான் பார்த்த ஒன்பது வண்டிகளில் ஏழு, டாக்டர் ஓட்டியவை. ஒன்று பேங்க் மேனேஜர். இன்னொன்று 'லேடி டிரிவன்'. லாரி ஓனர், வட்டிக்கு விடுபவர், காலேஜில் படிக்கும் பையன் ஆகியோர் தமிழ்நாட்டில் கார் வைத்திருந்து விற்றதற்கு இலக்கியச் சான்று கிடைக்கவில்லை.

அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையும் ஆத்திசூடி செய்த ஔவையும் ஒருவரல்லர் என்பது அறிஞர் துணிபு. டாக்டர் விஷயத்தில் அந்தத் தெளிவு இன்னும் பிறக்கவில்லை.

ஒருமைக் கொள்கையினர், டாக்டர் ஒருவரே என்பர். அவர் எல்லாக் கம்பெனி வண்டியையும் வாங்கினார், ஒவ்வொன்றிலும் வீட்டிலிருந்து கிளினிக்குக்கும் கிளினிக்கிலிருந்து வீட்டுக்கும் மட்டும் போனார், ஞாயிற்றுக்கிழமைகளில் கழுவினார், பிறகு விற்றார். இத்தனை வண்டியை மாற்றி மாற்றி ஓட்டியதால்தான் ஒவ்வொன்றிலும் கிலோமீட்டர் குறைவு என்பது இவர்கள் வாதத்தின் வலிமை. நோயாளிகளை எப்போது பார்த்தார் என்பது மெலிவு.

பன்மைக் கொள்கையினர், ஊருக்கொரு டாக்டர் என்பர். அப்படியானால் அத்தனை டாக்டர்களும் ஒரே மாதிரி 'நம்ம தம்பிகிட்ட கொடுத்தாச்சு, நீயே பாத்து வித்துக் கொடு' என்று ஒரே புரோக்கரிடம் சொன்னது எப்படி? பாடபேதமே இல்லாத நூலை ஐயுற வேண்டும் என்பது பதிப்பு நெறி.

எனக்கு உடன்பாடானது மூன்றாவது. டாக்டர் என்பது ஆளே அல்ல. குறைந்த கிலோமீட்டருக்கு ஆகுபெயர். கல்யாணச் சந்தையிலும் இதே ஆகுபெயர் வழங்குகிறது: டாக்டர் மாப்பிள்ளை என்றால் பையனைப் பார்க்க வேண்டியதில்லை, டாக்டர் வண்டி என்றால் இன்ஜினைப் பார்க்க வேண்டியதில்லை (மாமனார், அம்பாசிடர் காலத்து நினைவுகள், வாய்மொழி, ஈசிசேர்ப் பதிப்பு, இதுவரை அச்சேறாதது, ஏறாமலிருப்பது குடும்பத்துக்கு நல்லது). ஆனால் அதே மாமனார் இரவு உணவுக்குப் பின் இதை மறுக்கிறார்: எமர்ஜென்சி என்று நடுராத்திரியில் குளிர்ந்த இன்ஜினை முறுக்கிக்கொண்டு ஓடுவது டாக்டர்தானே (மேலது, திருத்திய இரண்டாம் பதிப்பு, பாயசத்துக்குப் பின், முதல் பதிப்பை நாம் மேற்கோள் காட்டியதால் சினந்து வெளியிடப்பட்டது). மைத்துனர் இரண்டு பதிப்பையும் மறுத்து, டாக்டர் வெறும் பினாமி, ஓட்டியது கம்பவுண்டர் என்கிறார் (மைத்துனர், குரல்பதிவு 3, நான்கு நிமிடம், இடையில் குக்கர் விசில் மூன்று, அவற்றுள் இரண்டாவது விசிலின்போது கூறப்பட்டது மட்டும் சிதைவு).

ஆர்.சி.யைப் பார்த்தால் தெரியாதா என்று எளியோர் கேட்பர். பார்த்தேன். ஓனர் வரிசை எண் ஒன்று. பெயர் இருக்கிறது, பட்டம் இல்லை. பேங்க் கடன் முடிந்ததற்கு என்.ஓ.சி.யும் ஃபாரம் 35-ம் இருந்தன; பெயர் மாற்ற ஃபாரம் 29, 30 கையெழுத்தோடு தயார். ஷோரூம் சர்வீஸ் பதிவு 2021 வரை ஒழுங்காக ஓடி, இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டரில் நின்றுவிடுகிறது. அதன்பின் வெளி மெக்கானிக். தமிழ் இலக்கிய வரலாற்றில் இப்படியொரு இடைவெளி விழுந்தால் அதை இருண்ட காலம் என்று சொல்லிவிட்டு மேலே போய்விடலாம். ஐந்தே முக்கால் லட்சம் கொடுக்கிறவன் அப்படிப் போக முடியாது.

களஆய்வில் கிடைத்த புதிய சுவடிகள்

மறுநாள் மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். 2025 செப்டம்பர் 22 முதல் புது வண்டியிலேயே இந்த வகைக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகிவிட்டதே என்று சொல்லி ஐம்பதாயிரம் குறைக்கக் கேட்பது திட்டம். புரோக்கர், "டாக்டர் வண்டிக்கு அதெல்லாம் பாக்கக் கூடாது சார்" என்றபடி டீ வாங்கப் போனார்.

டிக்கி விரிப்பைத் தூக்கினேன். அடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே 47 சான்றிதழ்கள். எல்லாம் கருத்தரங்குச் சான்றிதழ்கள், ஆர்.சி.யில் இருந்த அதே பெயர், முன்னால் 'முனைவர்'. 'சங்க இலக்கியத்தில் தேர்' என்று ஒன்று. 'தேர்: சங்க இலக்கிய நோக்கு' என்று ஒன்று. 'தேரும் சங்க இலக்கியமும்' என்று பதினொன்று. ஜரிகை இழைகள் கல்யாணத்தில் உதிர்ந்தவையல்ல, பொன்னாடைகளில் உதிர்ந்தவை.

கை நடுங்கியது. டாக்டர் கிடைத்துவிட்டார். ஓட்டமும் கிடைத்துவிட்டது. பானட்டின்மேல் சான்றிதழ்களைப் பரப்பி, கணக்குப் போட்டேன். சென்னையிலிருந்து நாகர்கோவில் போய்வர 1,400. கோவை ஆயிரம். மதுரை தொள்ளாயிரத்துச் சொச்சம். தஞ்சாவூர் எழுநூறு. மொத்தம் நாற்பத்தெட்டாயிரத்துக்குமேல் வந்தது. மீட்டரில் 41,260. வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போனதை இன்னும் சேர்க்கவே இல்லை.

"மீட்டரைக் குறைச்சிருக்கான்" என்றேன், உ.வே.சா.வுக்கு ஏடு கிடைத்த குரலில்.

ஒரு சின்ன நெருடல் மட்டும் இருந்தது. இரண்டு சான்றிதழ்களில் ஒரே தேதி, ஒரே காலை பத்து மணி. ஒன்று நாகர்கோவில், ஒன்று கோவை. தேர் ஆய்வாளர் என்பதால் வான்வழி போயிருக்கலாம் என்று குறித்துக்கொண்டேன்.

மனைவி அந்த இரண்டையும் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கீழ் ஓரத்தைப் பார்த்தாள்.

"இங்க பொடி எழுத்துல என்ன போட்டிருக்கு, படிச்சீங்களா?"

'இணையவழி' என்று போட்டிருந்தது. 2020 மே. ஊரடங்கு. மற்றவற்றையும் புரட்டினாள். நாற்பத்தேழில் முப்பத்தாறு இணையவழி. போக்குவரத்தை ஆராய்ந்தவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்தே மாவட்டம் மாவட்டமாக ஆராய்ந்திருக்கிறார். மிஞ்சிய பதினொன்றுக்குப் போய்வந்த தூரம் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டவில்லை.

மெக்கானிக் சொன்ன நாற்பது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. மனைவி ஹேண்ட்பேக்கைத் திறந்து அட்வான்ஸ் பத்தாயிரத்தை எண்ணத் தொடங்கிவிட்டாள். நல்கை அளித்தவரின் தலையீடு.

இருந்தாலும் ஆய்வாளனுக்குக் கடமை இருக்கிறது. டீயோடு வந்த புரோக்கரிடம் ஃபைலை நீட்டி, "டாக்டர்னு சொன்னீங்களே?" என்றேன்.

அவர் ஃபைலைப் பார்க்கவே இல்லை. "டாக்டர்னுதான சார் சொன்னேன்," என்றார். "ஊசி போடுவாருன்னு சொன்னேனா?"