105 மீட்டர் தள்ளி நில்லுலே

ஏலே பேராண்டி, ஒன் மேசையைப் பாத்தேன். பிளாஸ்டிக் துண்டு ஒரு பக்கம், பித்தளைத் தகடு ஒரு பக்கம், பெயின்ட் குப்பி வரிசையா. ஆர்லி பர்க் கப்பலாம். நெசக் கப்பலை அமெரிக்காக்காரன் வருசக்கணக்கா கெட்டுனான். நீ ரெண்டு ஞாயித்துக்கெழமையில முடிச்சிருவேன்னு ஆச்சிகிட்ட சொல்லியிருக்கே. முடி ராசா. அவனுவளுக்கு வேலை தெரியல போல.

தாத்தா போர்க்கப்பல்ல கால் வச்சதில்ல. தூத்துக்குடியில ஏறின சரக்குக் கப்பல்கள்ல சிப்பிங் சுத்தியலோட துரு தட்டி, ரெட் ஆக்சைடு அடிச்சு, மேல சாம்பல் பூசினவன். உப்புத் தண்ணிக்கு பீரங்கி வச்ச கப்பல், பருப்பு ஏத்துன கப்பல்னு வித்தியாசம் தெரியாதுலே. அதனால நாலு வார்த்தை சொல்லுதேன். கேக்காட்டாலும் சொல்லத்தான் செய்வேன்.

154 மீட்டர் கப்பலை 350-ல ஒரு பங்கா சுருக்கி 44 சென்டிமீட்டர் ஆக்கியிருக்கான். இது பெட்டியிலயே போட்டிருக்கும், இதுக்குத் தாத்தா எதுக்கு? நான் கேக்கது வேற. மூக்குக்கு நேரா 30 சென்டிமீட்டர்ல வச்சு உத்துப் பாக்கியே, அப்ப நீ எங்கன நிக்கே? 350-ஆல பெருக்கு. 105 மீட்டர் தள்ளி, ஏதோ ஒரு தோணியில நிக்கே. அங்கன இருந்து பாத்து, தகட்டுக்குத் தகடு ஒட்டுற இடமெல்லாம் கருப்புக் கோடு இழுத்து வச்சிருக்கே பாரு, என்னா கண்ணுலே ஒனக்கு! நேவியில கேட்டா தூரநோக்கிக்குப் பதிலா ஒன்னையவே வேலைக்கு வச்சுக்கிடுவான்.

பெயின்டை மட்டும் தண்ணியா கரைச்சிராதே. குப்பியில இருக்கமேனிக்கு முக்கி, ஊத்தப்பம் ஊத்துத மாதிரி அப்பு. 0.1 மில்லிமீட்டர் கனம் ஏறிச்சுன்னா நெசக் கப்பல் கணக்குக்கு 35 மில்லிமீட்டர். ஏவுகணை வந்தாலும் பெயின்டே தடுத்துரும், கப்பலுக்குச் செலவு மிச்சம். கஞ்சன் புத்தி உள்ளவன்தான் ஏர்பிரஷ்ல லேசு லேசா, காயவிட்டுக் காயவிட்டு அடிப்பான். அவன் கப்பல்ல கதவு, ஏணி, ஜன்னல் விளிம்பெல்லாம் தெளிவா தெரிஞ்சு தொலைக்கும்.

நிறத்துக்கு நம்பர் சொன்னே, ரொம்பச் சரி. பக்கவாட்டுக்கு 26270, ஹேஸ் கிரே. தளத்துக்கு 36008, கருஞ்சாம்பல். முதல் எண் 2-ன்னா அரைப் பளபளப்பு, 3-ன்னா மங்கல்னுகூட எடுத்துச் சொன்னே. ஆனா அந்த நம்பர் நெசக் கப்பலுக்கு அடிக்கிற டப்பாவுக்குடா. ஒனக்கும் கப்பலுக்கும் நடுவுல 105 மீட்டர் காத்து கெடக்கே, அதுவும் கொஞ்சம் நிறத்தைத் திங்கும். ரெண்டு சொட்டு வெள்ளையைச் சேர்த்தா குடி முழுகிராது. கடைசியா மங்கல் வார்னிஷும் அடி. இல்லாட்டி டியூப் லைட்டு பட்டு கப்பல் முழுக்க மினுங்கும், பாக்கவன் பொம்மைன்னு கண்டுபிடிச்சிருவான்.

ஆனா கப்பல் நம்பர் டெக்காலை ஒட்டுறதுக்கு முந்தி அந்த இடத்துல பளபள வார்னிஷ் வேணும். சொரசொரப்புல டெக்கால் ஒட்டினா அடியில காத்து சிக்கி வெள்ளி பூத்து நிக்கும். முதல்ல பளபளப்பு, அப்புறம் டெக்கால், அதுக்கு மேல மங்கல். இதுல மட்டும் நையாண்டி கெடையாது, அப்படியே செய்யி.

இப்ப கைப்பிடிக் கம்பிக்கு வருவோம். ஆளு 170 சென்டிமீட்டர்னா ஒனக்கு 5 மில்லிமீட்டருக்கும் ஒரு மயிரிழை கொறவு. அவன் இடுப்புக்கு நிக்கிற வேலி 3 மில்லிமீட்டர். அந்தப் பித்தளை வேலியை புது பிளேடு வச்சு, கண்ணாடி மேல போட்டு வெட்டணுமாம், ஊசிமுனையில தொட்டு ஃபெவிக்விக் வைக்கணுமாம். ஒனக்கு எதுக்கு அந்தப் பாடு? குப்பியைக் கவுத்து ஊத்து. வேலி நிக்குதோ இல்லியோ, வெரலு ரெண்டும் சாயங்காலம் வரைக்கும் பிரியாது. வேலியை முதல்ல ஒட்டிட்டு அப்புறமா தளத்துக்கும் சுவருக்கும் வேற வேற நிறம் பிரிக்க மாஸ்கிங் டேப் ஒட்டு. டேப்பை உரிக்கையில வேலியும் கூடவே வந்துரும், கழுவுற வேலை மிச்சம்.

அந்த ஹெலிகாப்டரை எங்கன நிறுத்தப் போறே? பின்தளத்துல இறங்க இடம் இருக்கு, சரி. ராத்திரி எங்க தூங்கும்? ஆர்லி பர்க் வகையில 51-ம் நம்பர்ல இருந்து 78 வரைக்கும் உள்ள 28 கப்பல்ல ஹெலிகாப்டர் கொட்டகையே கெடையாது, 79-ல இருந்துதான் வச்சான். நீ 51-ம் நம்பரை ஒட்டிட்டுக் கொட்டகையும் கெட்டிருக்கே. ரெண்டு பெட்டிக்குள்ள இருந்ததை ஒண்ணா கலந்தியோ? கொடியையும் பாத்தேன். முன்னால அலை கிழிச்சுக்கிட்டு ஓடுது, பின்னால கொடிக்கம்பத்துல கொடி பறக்குது. அது துறைமுகத்துல நிக்கையிலடா. ஓடுற கப்பல்ல கொடி மேல மாஸ்ட்டுக்குப் போயிரும்.

கடைசியா துரு. இதுலதான் நீ கலைஞன். கப்பல் முழுக்க ஆரஞ்சு ஓட விட்டிருக்கே. தளத்து ஆளுங்களை வேலை வாங்க சாரங்குன்னு ஒருத்தன் இருப்பான், கேள்விப்பட்டிருக்கியா? எங்க சாரங்கு ஒரு புள்ளித் துரு கண்டா சாப்பாட்டுத் தட்டோட எழுப்பிருவான். வேற வேலை இல்லாத மாலுமிக்கு பிரஷ்தான் வேலை, எந்த நேவிக்காரனுக்கும் அதே விதிதான். அப்படியும் துரு வரும், ஆனா வர்ற இடம் தெரிஞ்சு வரும்: நங்கூரம் உரசுற இடம், தண்ணி வடியுற ஓட்டைக்குக் கீழ. மேல இருந்து கீழதான் வடியும். நீ போட்ட ஒரு கோடு கீழ இருந்து மேல ஏறுது, அந்தக் கப்பல் தலைகீழா ஓடுச்சோ என்னவோ. புகைக்கூண்டையும் கரி அப்பி வச்சிருக்கே. அந்தக் கப்பலை ஓட்டுறது நாலு கேஸ் டர்பைன், நிலக்கரி அடுப்பு இல்ல. கூண்டு நுனியில கருப்பு போதும்.

துரு இல்லாம ஒனக்குத் தூக்கம் வராதுன்னா ஒரு வழி சொல்லுதேன். 55-ம் நம்பரை ஒட்டு. ஸ்டவுட்னு பேரு, அதுலயும் கொட்டகை கெடையாது. 2020-ல கொரோனா பயத்துல கரைப்பக்கமே ஒதுங்காம 215 நாள் தொடர்ந்து கடல்லயே கெடந்து, அக்டோபர்ல ஊர் திரும்பிச்சு. அப்ப எடுத்த படத்துல துரு வழிஞ்சு கெடக்கு. அந்தப் படத்தைப் பக்கத்துல வச்சு அடி. எவனாவது கேட்டா படத்தை நீட்டு. 51-ம் நம்பர்ல இம்புட்டு துரு எப்படி வந்துச்சுன்னு கேட்டா, தாத்தா பேரைச் சொல்லாதே.

கண்ணாடிப் பெட்டிக்கு ஆசாரிகிட்ட நீளம் 50 சென்டிமீட்டர் சொல்லியாச்சு, அவரு செவ்வாக்கெழமை வந்து அகலம் அளக்குதாராம். அதுவரைக்கும் கப்பலை அலமாரி மேல வை. ஆச்சி தூசி தட்ட வர்றா.