எரிமலையின் கால்ஷீட்: லீவு விண்ணப்ப நோக்கில் ஒரு முன்னாய்வு

ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் விமான டிக்கெட், அறை, வாடகைக் கார் எல்லாவற்றையும் பல மாதம் முன்பே பதிவுசெய்துவிடுகிறார்கள். எரிமலையிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆய்வுலகம் இதுகாறும் கண்டுகொள்ளாத இப்பெருங்குறையை நிரப்பவே இக்கட்டுரை எழுந்தது.

கருதுகோள்: லீவுக்கும் லாவாவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இனி சான்றுகள். பூங்காவிலுள்ள கிலாவுயா எரிமலை 1983 முதல் 2018 வரை ஏறக்குறைய ஓயாமல் கக்கிக்கொண்டிருந்தது. திட்டமிட்டவனும் பார்த்தான், திட்டமிடாதவனும் பார்த்தான் என்பதால் அப்பொற்காலம் ஆய்வுக்குப் பயன்படாது. 2018-இல் உச்சிப் பள்ளம் சரிந்தது. கீழே ஊர்ப்பக்கம் வெடித்த பிளவுகள் நூற்றுக்கணக்கான வீடுகளை விழுங்கின. பூங்காவும் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது. அதன்பின் லாவாவே இல்லை. 2019-இல் உச்சியிலுள்ள ஹலேமாவுமாவு பள்ளத்தின் அடியில் தண்ணீர் ஊறி, குட்டையாகி, ஏரியாகவே ஆயிற்று. நெருப்புத் தெய்வம் பெலே குடியிருக்கும் குழி அது. அங்கே தண்ணீர்! அந்த ஏரியைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி லாவா திரும்பி வந்தது 2020 டிசம்பர் 20 இரவு. அதாவது, கொரோனாவுக்குப் பயந்து உலகமே பயணத்தை ரத்துசெய்திருந்த மாதத்தில். இதைத் தற்செயல் என்பார் உளர். இவ்வாய்வாளர் அவ்வளவு நல்லெண்ணம் உடையவர் அல்லர்.

பக்கத்து எரிமலை மௌனா லோவாவின் கதை இன்னும் மோசம். 1984-க்குப் பின் 38 ஆண்டு வாய்திறவாமல் இருந்து, 2022 நவம்பர் 27 இரவில் எழுந்து, இரண்டே வாரத்தில் கடையைக் கட்டியது. லீவு விண்ணப்பம் மேலாளர் மேசையைத் தாண்டவே அதைவிட நாளாகும்.

2024 டிசம்பர் 23 முதல் கிலாவுயா புதுப்பழக்கம் ஒன்றைக் கைக்கொண்டது. சில மணி நேரம் லாவா நீரூற்றுப்போல் பீறிடும், சில வேளை 300 மீட்டருக்கும் மேல். பிறகு சட்டென்று நின்றுவிடும். மறு ஆட்டத்துக்கு நாளும் ஆகலாம், வாரமும் ஆகலாம். அடியில் மாக்மா சேரச் சேர உச்சி நிலம் மெல்ல வீங்கிச் சாயும். 1912-இல் தொடங்கிய ஹவாய் எரிமலை ஆய்வகத்தார் அந்தச் சாய்வைக் கருவியால் அளந்து, இன்ன நாளுக்கும் இன்ன நாளுக்கும் இடையே என்று ஒரு வாக்குக் கொடுப்பார்கள். நாளைச் சொல்லமாட்டார்கள். பூங்காவின் கார் நுழைவுச்சீட்டு 7 நாள் செல்லும் என்பதன் உட்பொருள் இதுவே எனக் கொள்க.

அடுத்து ஸ்வெட்டர். எரிமலைக்குத்தானே போகிறோம் என்று அரைக்கால் சட்டையோடு கிளம்புவது பயணிகளின் பொதுவியல்பு. பள்ளத்தின் விளிம்போ சுமார் 1,200 மீட்டர் உயரத்தில், மழையும் மூடுபனியும் காற்றும் சூழ இருக்கிறது. குழிக்குள் 1,100 டிகிரிக்கு மேல் கொதிக்கும் கல். விளிம்பில் ஓட்டல் துண்டைப் போர்த்திக்கொண்டு பல் தந்தியடிக்க நிற்கும் குடும்பத்தலைவர். பூங்கா 24 மணி நேரமும் திறந்திருப்பதால் இந்நடுக்கத்துக்குக் கால வரையறை இல்லை. நல்லவேளை, மழைநீர் மண்ணுக்குள் இறங்கிச் சூடான பாறையைத் தொட்டு ஆவியாய் எழும் துளைகள் அங்கே உண்டு. ஸ்வெட்டர் மறந்தவர்களின் மாநாடு அவற்றைச் சுற்றித்தான் கூடும்.

மறுப்புரைப்பார் கூறுவது: லாவா இல்லாவிட்டால் என்ன? 1959-இல் 580 மீட்டர் உயரம் தீ பாய்ந்த கிலாவுயா இகி பள்ளத்தில் இறங்கி, உறைந்த லாவா ஏரியின் மேலேயே நடக்கலாமே. வெடிப்புகளில் ஓஹியா மரக்கன்று சிவப்புப் பூவோடு தலைநீட்டுவதைப் பார்க்கலாமே. பழைய லாவா ஓடிய நாஹுகு குகைக்குள் நுழையலாமே. மெய்தான். உள்ளபடியே அந்தப் பூங்காவில் செய்யத்தக்க சிறந்த காரியம் அந்த நடைதான். ஆனால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அது எடுபடாது.

எஞ்சியது கல். எடுத்துப்போனால் பெலேயின் சாபம் பிடிக்கும் என்றொரு பேச்சு உண்டு. சாபம் இருக்கிறதோ இல்லையோ, சட்டம் இருக்கிறது: பூங்காவின் கல்லை எடுப்பது குற்றம். ஆயினும் எடுத்துப்போகிறார்கள், வீட்டில் ஏதாவது கெட்டது நடந்ததும் மன்னிப்புக் கடிதம் வைத்துப் பார்சலில் திருப்பியனுப்புகிறார்கள். கல்லின் தபால்செலவை முன்கூட்டியே கணக்கிட்டால், அந்தக் காசுக்கு நல்ல ஸ்வெட்டர் ஒன்று கிடைக்கும்.