குமிழ் ரிப்பேர்க்காரர்

லினக்ஸ் கெர்னலுக்குப் புது ஃபைல் சிஸ்டம் எழுதுகிறவருக்கு மாநாட்டில் மேடை உண்டு. டிரைவர் எழுதுகிறவருக்குக் கம்பெனியில் மரியாதை உண்டு. சிஸ்கன்ட்ரோல் ரிப்பேர் பார்க்கிறவருக்கோ "நன்றாகத்தானே இருந்தது, ஏன் கை வைத்தீர்கள்?" என்ற கேள்வி மட்டும் உண்டு.

ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலைத் திருகிப் பார்க்க வைத்த குமிழ்கள்தான் சிஸ்கன்ட்ரோல். ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. அதில் எண்ணை எழுதினால் கெர்னல் தன் போக்கை மாற்றிக்கொள்ளும். மெமரியில் இருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளும் ஆசையை அளக்கும் 'ஸ்வாப்பினஸ்' பிறவியிலேயே 60. அதன் உச்சவரம்பு 100 ஆக இருந்தது. 2020இல் 200 ஆனது.

மைனஸ் எண்ணையும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும் குமிழைக் கண்டால் நம்மவருக்கு அன்று தூக்கம் போச்சு. 0க்குக் கீழே போகாதே, 1க்கு மேலே ஏறாதே என்று வேலி கட்டி இரண்டு வரி பேட்ச் அனுப்புவார். வேலிக்கு இரண்டு வரி, விளக்கத்துக்கு நாற்பது.

குமிழ்ப் பட்டியல்களின் கடைசியில், 'இத்தோடு முடிந்தது' என்று காட்ட, ஒரு காலி வரிசை இருந்தது. பந்தியின் கடைசியில் யாருக்கும் இல்லாமல் ஒரு வெற்று இலை போட்ட மாதிரி. ஒவ்வொன்றும் சுமார் 64 பைட். அந்த இலைகளை எடுக்க 2023, 2024 என்று தொடர் தொடராகப் பேட்ச்கள் போயின. கிகாபைட் கணக்கில் மெமரி விற்கும் காலத்தில் 64 பைட்டை மீட்டுவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கிற ஜென்மம் இது.

பரண் ஒழிக்க ஏறும் மருமகளின் அவஸ்தையும் இவருக்கு உண்டு. எதைத் தூக்கினாலும் கீழிருந்து ஒரு குரல், "அது இருக்கட்டும்." பயனர் புரோகிராம்களை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் கறாரானவர். எண்களால் குமிழை அழைக்கும் பழைய 'சிஸ்டம் கால்' ஒன்று இருந்தது; அதை யாரும் சீண்டியதில்லை. ஆனாலும் 2008இல் வந்த 2.6.24 பதிப்பு முதல் எச்சரித்து எச்சரித்து, 2020இல் 5.5 வந்தபோதுதான் தூக்க முடிந்தது. வாடகைதாரரைக் காலி செய்ய 12 வருடம்!

சில குமிழ்கள் உண்மையிலேயே ஆபத்தானவை. டிசிபி இணைப்புகளைச் சீக்கிரம் விடுவிக்கும் 'டிடபிள்யூ ரீசைக்கிள்' அப்படி. வேகம் கூடும் என்று யாரோ சொல்ல, எல்லோரும் அதற்கான கட்டளையைச் சர்வரில் ஒட்டினார்கள் (நானும் ஒட்டியவன்தான்). ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல கணினிகள் இருக்கும் இடங்களிலிருந்து வந்த இணைப்புகள் காரணம் தெரியாமல் அறுந்தன. 2017இல் 4.12 பதிப்பில் குமிழையே பிடுங்கினார்கள். அப்புறம் பழைய கட்டளையை ஒட்டியவர்களுக்கு "அப்படியொரு கோப்பு இல்லை" என்ற பதில்தான். திட்டு யாருக்கு? நம்மவருக்கு.

அதனால்தானோ என்னவோ, அதே வருடம் 4.14இல் 'டிசிபி லோ லேட்டன்சி' குமிழின் உள்வேலையை மட்டும் உருவிவிட்டு, குமிழை அப்படியே விட்டுவைத்தார்கள். இதனால் ஒரு பலனும் இல்லை என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. உங்களிடம் லினக்ஸ் இருந்தால், நிர்வாகி அனுமதியோடு அந்தக் குமிழில் 1 என்று எழுதிப் பாருங்கள். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும்.