கொடிமலையில் கொஞ்சம் இங்கிலாந்து

கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டு மனசுக்குள் புரள்வதை வரைந்தால் அதற்கு எக்ஸ்பிரஷனிஸம் என்று பெயர். வானம் நீலமாக இருக்கிறதா? உங்களுக்குக் கடுப்பாக இருந்தால் சிவப்பைப் பூசிக்கொள்ளலாம், கேட்க ஆளில்லை. நார்வேக்காரர் எட்வர்ட் முங்க் 1893-இல் ‘அலறல்’ படத்தில் வானத்தைப் பற்றவைத்தது அப்படித்தான். ஆனால் அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே நம்ம பினாங்கில் ஒரு மனுஷன் இதே வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். பாவம், செய்தது அவருக்கே தெரியாது!

பெயர் கேப்டன் ராபர்ட் ஸ்மித். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள இன்ஜினியர் படையில் உத்தியோகம். இன்ஜினியர் என்பதைக் கவனியுங்கள். செங்கல்லை எண்ணி, சுண்ணாம்பை நிறுத்து, தூக்குக்குண்டு தொங்கவிட்டுச் சுவர் பார்க்கிற ரகம். இப்படிப்பட்டவர் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தால் பிளான் வரும் என்றுதான் யாரும் நினைப்போம். வந்தது ஏக்கம்.

1818 வாக்கில் அவர் தீவைச் சுற்றிச் சுற்றி எண்ணெய் வண்ணத்தில் வரைந்த காட்சிகளை லண்டனில் வில்லியம் டேனியல் செம்புத் தகட்டில் ஏற்றி, 1821-இல் அச்சிட்டு வெளியிட்டார். பினாங்கு அரும்பொருளகத்திலும் ஸ்மித்தின் அசல் படங்கள் இருக்கின்றன. கொடிமலை உண்டு, தண்ணீர்மலை அருவி உண்டு, குளுகோர் வாசனைப்பயிர்த் தோட்டம் உண்டு. இதமான வெயில், கழுவித் துடைத்த வானம். மரங்களெல்லாம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வழிவிடுவதுபோல மரியாதையாக ஒதுங்கி நிற்கும். நானும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தேடிப் பார்த்தேன். ஒரு கொசுகூட இல்லை.

கொசுவைத் தேடுவானேன் என்கிறீர்களா? நிஜப் பினாங்கில் அன்று அதன் ராஜ்யம்தானே நடந்தது! 1786-இல் வந்து இறங்கிக் கொடியேற்றிய பிரான்சிஸ் லைட்டை 1794-இல் மலேரியா கொண்டுபோனது. கவர்னர் டண்டாஸ் 1807-இல் போய்ச் சேர்ந்தார். ஸ்மித் ஈசலை நட்டு நின்ற காலத்தில் கவர்னராக இருந்த பேனர்மேனை 1819-இல் காலரா தூக்கிற்று. நார்த்தம் ரோட்டுக் கல்லறைக்குப் போனால், ஃபிராஞ்சிபானி மர நிழலில் ஆளுக்கொரு கல்லோடு படுத்திருக்கிறார்கள். கவர்னர் உத்தரவு கையில் கிடைத்ததும் கல்தச்சனுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம் என்கிற ஊர். ஸ்மித் கான்வாஸிலோ அது ஹெல்த் ரிசார்ட்!

பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் பார்த்தது அதைத்தான். அங்கே இருந்த எல்லாருக்கும் அதே வியாதி. லைட்டின் மிளகுத் தோட்டம் இருந்த இடத்தில் எழுந்த மாளிகைக்கு அவர் சொந்த ஊர்ப் பெயர், சஃபோக். அக்கம்பக்கத்தில் ஒரு மவுண்ட் எர்ஸ்கின். மலை மேலே ஸ்ட்ராபெரி ஹில்! சுற்றிலும் மங்குஸ்தீனும் டுரியானும் மடியில் வந்து விழுகிற தீவில் இவர்களுக்கு வேண்டியிருந்தது ஸ்ட்ராபெரி. ஒரே ஒரு இடம் மட்டும் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. புலாவ் தீக்குஸ் கடற்கரையை எத்தனை அழகாக வரைந்தும், கீழே தலைப்பில் ‘எலித் தீவு’ என்றுதானே எழுதியாக வேண்டும்!

காடு வெட்டக் கூலியாட்கள் வரவில்லை என்று லைட் பீரங்கிக்குள் வெள்ளிக்காசைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டதாக ஒரு கதை உண்டு. காசைத் தேடிக்கொண்டே ஜனங்கள் காட்டை வெட்டித் தள்ளிவிட்டார்களாம். அதே காட்டுக்குள் ஸ்மித் இங்கிலாந்தையே போட்டுச் சுட்டார்.

கொடிமலைக்கு ரயில் வந்தது 1923-இல். அதுவரை துரைமார் நாற்காலியில் உட்கார, கூலிகள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். தீவின் சாலைகளுக்குக் கல் உடைத்தவர்களில் இந்தியாவிலிருந்து நாடுகடத்தி வந்த கைதிகள் ஏராளம். அவர்களில் நம்ம ஆட்களும் உண்டு. அவர்கள் வரைந்திருந்தால் இதே மலை எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். முங்க் வெட்கப்பட்டுப் போயிருப்பார்.

சரி, ஏதோ ஊர் ஞாபகம், மன்னித்துவிடலாம் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். கதை இனிமேல்தான் சூடு பிடிக்கிறது.

ஸ்மித் பிறகு டெல்லிக்குப் போகிறார். அங்கே குதுப் மினார். 72 மீட்டர் உயரம், அறுநூறு வயசு. 1803 நிலநடுக்கத்தில் அடிபட்டுக் கிடக்கிறது. ரிப்பேர் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தார், நன்றாகவே பார்த்தார். வந்த வேலை முடிந்தது என்று கையைக் கழுவியிருக்கலாம். கலைஞர் மனசு கேட்குமா? 1828-இல் உச்சியில் தன் சொந்தக் கற்பனையில் ஒரு வங்காள பாணி மண்டபத்தைத் தூக்கி வைத்துவிட்டார். தாத்தா தலையில் பேரனின் பிறந்தநாள் தொப்பி. இருபது வருஷம் டெல்லி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தது. 1848-இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் இறக்கச் சொன்னார். இறக்கினார்கள். இன்றைக்கும் அது மினார் பக்கத்துப் புல்தரையில், வகுப்புக்கு வெளியே நிறுத்திய பையன்போல நிற்கிறது. செல்லப் பெயர், ‘ஸ்மித்தின் அசட்டுத்தனம்’.

மனுஷன் அடங்கினாரா? பென்ஷன் வாங்கி ஐரோப்பா திரும்பினார். பினாங்கில் இருந்த காலமெல்லாம் எந்த இங்கிலாந்துக்காக உருகினாரோ, அந்த இங்கிலாந்து இப்போது வாசலில். நிம்மதியாக ஒரு ஓட்டு வீட்டைப் பார்த்து, ரோஜாச் செடி வைத்து உட்கார வேண்டியதுதானே? மாட்டார்! பிரெஞ்சு ரிவியெராவின் நீஸ் நகரில், கடலைப் பார்த்த குன்றில், முகலாய ஜாடையில் இளஞ்சிவப்பாய் ஒரு மாளிகை எழுப்பினார். ஊர்க்காரர்கள் மலைத்துப்போய் ‘இங்கிலீஷ்காரன் கோட்டை’ என்று பேர் வைத்தார்கள். அது போதவில்லை. டெவன் மாவட்டத்துப் பேய்ன்டன் கடற்கரையில், அந்த ஈரக்காற்றில், இன்னொன்று. ரெட்க்ளிஃப் டவர்ஸ். அதிலும் இந்திய வாசனை! வெயிலில் இருந்தபோது மழை நாட்டை வரைந்தார். மழைக்கு வந்ததும் வெயில் நாட்டைக் கட்டினார். 1873-இல் கண்ணை மூடும்போது மனசு எந்த ஊரில் இருந்ததோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். ரெட்க்ளிஃப் பிற்பாடு ஓட்டலாகிவிட்டது.

போன மாதம் குளுகோரில் ஒரு மாமாக் கடையில் தே தாரேயோடு உட்கார்ந்து, ஸ்மித்தின் குளுகோர் படத்தை போனில் பக்கத்து மேசை அண்ணனிடம் நீட்டினேன். பெரிதாக்கினார், சின்னதாக்கினார், போனைத் திருப்பிப் பார்த்தார்.

“இதுல எங்க ஃபிளாட் எங்க வருது தம்பி?”

“இது இருநூறு வருஷம் முந்தி அண்ணே.”

“அதான பார்த்தேன். ஜாமே இல்லையே! யாரோ நல்லா ரீல் விட்டிருக்கான்.”

ஸ்மித்தை ஒரே வரியில் முடித்துவிட்டாரே என்று வியந்துகொண்டிருந்தேன். அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டார். மலை தெரிகிற பக்கமாகப் போய் நின்றார். தன் போனை என்னிடம் கொடுத்தார்.

“ஊர்ல அக்காவுக்கு அனுப்பணும். ஒண்ணு எடு தம்பி. அந்தக் குப்பைத்தொட்டி விழாம எடு.”