வாளிக்குள் சரிந்த மானம்

இயற்பியல் புதிர் என்றால் எனக்குக் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். அது தப்பாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

குளத்தில் ஒரு படகு, படகில் ஒரு பாறாங்கல். கல்லைத் தூக்கித் தண்ணீரில் போட்டால் குளத்தின் மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? கேட்டவள் அக்கா மகள். "ஏறும். கல் உள்ளே விழுதுல்ல?" என்றேன், பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

அவள் வாதாடவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்து, எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை மிதக்கவிட்டாள். அதற்குள் பழைய அரைக் கிலோ படிக்கல். தண்ணீர் நின்ற இடத்தில், வாளியின் உட்பக்கம், ஒரு ஸ்டிக்கர் பொட்டு. பிறகு படிக்கல்லை எடுத்துத் தண்ணீருக்குள் இறக்கினாள். பாத்திரம் துள்ளி மேலே வந்தது. நனைந்த பொட்டு காற்றில் பளபளத்தது. மட்டம் இறங்கியிருந்தது.

பாத்திரத்தில் இருந்தவரை அந்த இரும்பு தன் எடைக்குச் சமமாக அரை லிட்டர் தண்ணீரை ஒதுக்கியாக வேண்டும். மூழ்கிவிட்டால் தன் பருமனுக்கு மட்டும்தான், சுமார் 70 மில்லி. ஆர்க்கிமிடீஸை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன் நான்.

இயற்பியல் மேதைகளான ஜார்ஜ் காமாவ், ஓப்பன்ஹைமர், ஃபெலிக்ஸ் பிளாக் மூவருமே இந்தப் புதிரில் சறுக்கியதாக இயற்பியல் எழுத்தாளர் ஜெர்ல் வாக்கர் எழுதியிருக்கிறார். அதைச் சொல்லி அந்த வரிசையில் நானும் போய் நின்றேன். "ஓப்பன்ஹைமர் அணுகுண்டு செஞ்சாரு. நீங்க என்ன மாமா செஞ்சீங்க?"

அவளே ஒரு வழியும் சொன்னாள்: எதையும் எல்லைவரை இழுத்துப் பார். கல் கடுகளவு, எடையோ ஒரு டன் என்று வை. படகில் இருந்தால் படகு விளிம்புவரை அமுங்கும். தண்ணீரில் விழுந்தால் வெறும் கடுகு. சூத்திரமே வேண்டாம். அருமையான வழிதான், என் கையில் கிடைக்காதவரை.

அடுத்தது காருக்குள் ஹீலியம் பலூன். கார் சீறிக் கிளம்பினால் நாமெல்லாம் பின்னால் சாய்கிறோம். இன்னும் சீறினால் பலூன் பின்கண்ணாடியில் போய் ஒட்டும் என்று அடித்துச் சொன்னேன். அது முன்னால் வந்து டிரைவர் காதை உரசியது. பின்னால் ஒதுங்குவது ஹீலியத்தைவிடக் கனமான காற்று. பலூனுக்கு முன்பக்கம்தான் மிச்சம். கொத்தனாரின் ரசமட்டத்தைச் சட்டென்று முன்னே தள்ளினால் குமிழியும் முன்னால்தான் ஓடும். வீடு கட்டியபோது மாதக்கணக்கில் அதன் பக்கத்தில் நின்றிருக்கிறேன். சிமென்ட் மூட்டையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கத்திரி வெயிலில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துபோட்டு அறையைக் குளிரவைக்கப் பார்த்ததை விரிவாக எழுத முடியாது, மனைவி படிப்பாள். உள்ளே உறிஞ்சிய சூட்டோடு கரண்டின் சூட்டையும் சேர்த்து அது அதே அறைக்குள் கொட்டும் என்பதோடு விடுகிறேன்.

இப்போதும் அக்கா மகள் புதிர்களுக்கு முதலில் என் பதிலைத்தான் கேட்கிறாள். மூன்றில் ஒன்று உடனே கழிந்துவிடுகிறதாம்.