சாக்கோ பை கட்சி

கிரிக்கெட்டில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது என் கருத்து. வீட்டில் வேறு கருத்து நிலவுகிறது. தோனிக்கு டி.வி. எதிரில் உட்கார்ந்து நான் சொல்லாத யோசனை கிடையாது. அதில் பாதியை அவர் கேட்டிருந்தால் என்று நான் ஆரம்பித்தாலே, என் மனைவிக்கு அடுப்பில் ஏதோ தீயும் வாசனை வந்துவிடும்.

இப்படிப்பட்ட நிபுணனைத்தான், தென்கொரியாவில் புசானில் வேலை பார்க்கும் மகன், “பேஸ்பால் பார்க்கலாம் வா நைனா” என்று கூப்பிட்டான். ஸ்டம்பு வாங்கக் காசில்லாதவர்கள் ஆடும் கிரிக்கெட் அது என்று அவனுக்கு விளக்கினேன். அவன் பதில் சொல்லாமல் அணிகளின் பட்டியலைக் காட்டினான். நிமிர்ந்து உட்கார்ந்தேன். எல்ஜி, சாம்சங், கியா, லோட்டே! எங்கள் ஃபிரிட்ஜ், என் செல்போன், சம்பந்தி வாங்கிய கார், பேரன் தின்னும் சாக்கோ பை எல்லாம் மட்டை பிடித்து ஆடுகின்றன. 1982-இல் ஆறு அணிகளோடு தொடங்கிய லீகில் இப்போது பத்து அணிகள். பெயர்ப் பலகையில் ஊருக்கு இடமில்லை, கம்பெனிதான். சென்னை, மும்பை என்று ஊரை முன்னால் நிறுத்தி முதலாளி பின்னால் நிற்கும் நம் ஐ.பி.எல். கூச்சமெல்லாம் அங்கே இல்லை.

மனைவியும் நானும் மகனோடு போன அன்று லோட்டேவுக்கும் எல்ஜிக்கும் ஆட்டம். இரண்டுமே எனக்கு வேண்டியவர்கள். நான் சின்ன வயதில் சப்பிய பாரி மிட்டாய்க் கம்பெனியை 2004-இல் வாங்கியது லோட்டே. எல்ஜியோ கிட்டத்தட்டப் பக்கத்து வீடு. எங்கள் ஊர் சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஆரம்பாக்கம் போய் ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. அங்கே 2025 மே மாதம் புதுத் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். யார் பக்கம் சேர்வது? ஃபிரிட்ஜுக்கு இன்னும் தவணை பாக்கி இருந்தது. சாக்கோ பை பக்கம் சேர்ந்தேன்.

ஆட்டம் நடந்த சாஜிக் மைதானம் 1985-இல் திறந்தது. வாசலில் சோய் டோங்-வொன் சிலை. 1984 இறுதித் தொடரில் லோட்டே ஜெயித்த நான்கு ஆட்டங்களும் இந்த ஒரே பந்துவீச்சாளர் கணக்கில்தான். அதன்பிறகு 1992-இல் ஒரு கோப்பை. அதற்கப்புறம் கோப்பையே இல்லை.

“முப்பது வருஷத்துக்கு மேலயா ஜெயிக்கல? அப்படியும் இத்தனை பேர் கூட இருக்காங்களா?” என்றாள் மனைவி. எனக்கு உள்ளூர ஒரு தெம்பு வந்தது. உடனே என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். தெம்பு போய்விட்டது.

எல்ஜிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல என்றான் மகன். 1994-க்குப் பிறகு அவர்களுக்கும் கோப்பை வரவில்லை. அடுத்த கோப்பையின் சிறந்த ஆட்டக்காரருக்கு என்று 1998-இல் அவர்கள் தலைவர் ஒரு ரோலெக்ஸ் கடிகாரம் வாங்கிப் பெட்டகத்தில் வைத்தார். கோப்பை வந்தது 2023-இல். அதற்குள் தலைவர் காலமாகிவிட்டார். கடிகாரத்தை வென்ற ஓ ஜி-ஹ்வான் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தக் கதையை மனைவி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அது எனக்கு ஆகாது என்று அப்போது தோன்றவில்லை.

நம் ஊர் மைதானங்களில் தண்ணீர் பாட்டிலுக்கே வாசலில் தடை. இங்கே வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம். மனைவி எலுமிச்சை சாதமும் ஒரு டப்பா நெத்திலிக் கருவாட்டு வறுவலும் கட்டியிருந்தாள். கருவாட்டைத் திறந்தால் மானம் போகும் என்று வழியெல்லாம் எச்சரித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் உட்கார்ந்ததும் பையிலிருந்து காய்ந்த கணவாயை எடுத்துக் கிழிக்க ஆரம்பித்தார். பாஷை தெரியாமலே கணவாயும் கருவாடும் கை மாறின. அப்புறம் ஆட்டம் முடியும்வரை அவர் என்னோடு பேசவில்லை, மனைவியோடுதான் கையசைத்துப் பேசினார்.

ஆட்டம் புரிந்ததா என்றால், ஓரளவுக்கு. பழவேற்காடு ஏரியில் எங்கள் முன்னோர் வைத்த ‘பாடு’ முறை கைகொடுத்தது. எந்த வலை எந்த இடத்தில் எப்போது இறங்கலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். உன் முறையில் மீன் பட்டாலும் படாவிட்டாலும், அடுத்தவன் முறை வந்தால் இடத்தை விட வேண்டும். இங்கும் ஒன்பது பேர் வரிசைப்படி மட்டை பிடிக்கிறார்கள். பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தவனும் ஒரு சுற்று ஓடிவிட்டு உட்கார வேண்டும். மற்ற எட்டுப் பேரும் ஆடி முடித்தால்தான் மறுபடி அவன் பாடு. 1975 உலகக் கோப்பையில் 60 ஓவரும் நின்று 36 ரன் எடுத்த கவாஸ்கரை இங்கே யாரும் அப்படி நிற்க விட்டிருக்க மாட்டார்கள். ‘லேட் கட்’ மாதிரி நேர்த்தியான அடிகளும் வீண். பின்பக்கம் போன பந்துக்கு ரன் கிடையாது. பின்பக்கம் போன ஒரு பந்துக்கு நான் எழுந்து “ஷாட்!” என்று கத்தினேன். முன்வரிசைக் குடும்பம் திரும்பி, எனக்கு உடம்புக்கு ஏதாவதா என்று மகனிடம் விசாரித்தது.

ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனிப் பாட்டு. மேடையேறி ஒருவர் கை காட்ட, கிழவி முதல் கைக்குழந்தை வரை அடி பிசகாமல் பாடுகிறார்கள். எதிரணி முதல் தளத்துக்குப் பந்தை எறிந்து நம் ஆளை மடக்கப் பார்த்தால் மொத்தக் கூட்டமும் “மா!” என்று அதட்டுகிறது. மனைவி ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் மேலே கடற்காக்கையைப் பற்றி ஒரு பாட்டு. எங்கள் பக்கம் கடற்காக்கை என்றால் கூடை மீனைக் கொத்தும் திருட்டுப் பயல். சென்னையிலிருந்து கார் வைத்துப் பார்க்க வரும் மரியாதையெல்லாம் பூநாரைக்குத்தான். இங்கே அந்தத் திருடனுக்கு ஊரே எழுந்து நின்று பாடுகிறது.

ஏழாவது இன்னிங்ஸில் காவலர் விசில் ஊதினார். எதற்கு என்று நான் யோசிப்பதற்குள் ஒரு பந்து சீட்டில் பட்டு எம்பி என் மடியிலிருந்த கருவாட்டு டப்பாவில் விழுந்தது. எடுத்துத் தூக்கிக் காட்டினேன். கூட்டம் ஒரே குரலில் ஏதோ சொல்லிக் கத்தியது. இப்படி ஒரு பாராட்டு எனக்குச் சொந்த ஊரில் கிடைத்ததில்லை. நாலா பக்கமும் திரும்பிக் கும்பிட்டேன். சத்தம் கூடியது. மறுபடியும் கும்பிட்டேன்.

“நைனா, பந்தைக் கொழந்தைக்குக் குடுக்கச் சொல்றாங்க. இங்க அதான் வழக்கம்” என்றான் மகன், முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு.

ஊர் வீட்டு ஷோகேஸில் அதற்கு நான் இடமே ஒதுக்கிவிட்டேன். குழந்தை என்றால் சுண்ணாம்புக்குளத்தில் இருக்கும் என் மகள் வயிற்றுப் பேரனும் சேர்த்தியா என்று நியாயமான ஒரு சந்தேகம் கேட்டேன்.

“ரோலெக்ஸையே திருப்பிக் குடுத்தானாம் ஒருத்தன்” என்றாள் மனைவி. பந்தை என் கையிலிருந்து பிடுங்கி, முந்தானையில் துடைத்து, முன்வரிசைச் சிறுமியிடம் கொடுத்தாள். அரங்கமே கைதட்டியது. சிறுமி பந்தை மோந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் ஏதோ கேட்டாள்.

ஆட்டத்தில் ஃபிரிட்ஜ் ஜெயித்தது. சாக்கோ பைக்காரர்கள் தோற்ற பிறகும் பாடினார்கள்.

ராத்திரி மனைவி ஊரிலிருக்கும் தங்கைக்கு வீடியோ கால் போட்டாள். “மேட்ச்சா? அது கெடக்குது. உங்க மாமா சின்னப் புள்ள பந்தைப் புடிச்சிக்கினு தரமாட்டேன்னு நின்னாருடி. ஊரே கத்துது, இவரு கும்புட்டுக்கினே இருக்காரு!” அந்தப் பக்கம் சிரிப்பு அடங்குவதாக இல்லை. விஷயம் ஊர் முழுக்கப் பரவுவதற்குள் முறையாக எடுத்துச் சொல்லிவிடலாம் என்று போனை வாங்கி, ஒன்பது இன்னிங்ஸ் கணக்கிலிருந்து ஆரம்பித்தேன்.

“சிக்னல் சரியில்ல மாமா” என்றாள் கொழுந்தியாள். புசானில் சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. சுண்ணாம்புக்குளத்திலும், அன்றைக்குப் பார்த்து, நன்றாகத்தான் இருந்திருக்கிறது.